மருத்துவச் செலவு: அரசின் பங்கு எதுவரை, நம் பங்கு எதுவரை?

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். இன்று மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் முதலில் கேட்கப்படும் கேள்வியோ ஐந்தாவதான ஒருவரைப் பற்றியது: பணம் செலுத்துபவர் யார்?

இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் நம்மிடையே உலவுகின்றன. குடிமக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை. ஆகவே செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்பது ஒன்று. அவரவர் உடலை அவரவரே பேண வேண்டும். ஒருவரின் அலட்சியத்துக்கு மற்றவர் ஏன் வரி செலுத்த வேண்டும் என்பது மற்றொன்று. மேடையில் வாதிடுவதற்கு இரண்டும் ஏற்றவை. ஆனால் வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது இரண்டுமே கைகொடுப்பதில்லை.

வங்கிக் கிளைக்குள் நோய் மூன்று வடிவங்களில் நுழைகிறது: அவசரமாக வைக்கப்படும் நகைக்கடனாக, முதிர்வுக்கு முன்பே முறிக்கப்படும் வைப்புத்தொகையாக, தவணை தவறிய கடன் கணக்காக. மகளின் திருமணத்துக்கென்று பத்தாண்டுகள் சேர்த்த தொகை பத்து நாள் சிகிச்சையில் கரைவதை வங்கி ஊழியர் ஒவ்வொருவரும் கண்டிருப்பார். எனவே இப்பொருளை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, வணிகவியல் பாடத்தைப் போல் படிப்படியாக ஆராய்வது வாசகர்களுக்குப் பயன் தரும்.

இடரைப் பகிர்தல்: அடிப்படைக் கணக்கு

மருத்துவச் செலவு பள்ளிக் கட்டணத்தைப் போன்றதன்று. பள்ளிக் கட்டணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அதற்குச் சேமிப்பே போதும். மருத்துவச் செலவோ யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது தெரியாத செலவு. தனித்த ஒருவரால் அதைக் கணிக்க இயலாது. ஆனால் பெருந்தொகையான மக்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு கணிக்க இயலும். காப்பீடு என்னும் ஏற்பாடு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 குடும்பங்கள். ஓராண்டில் அவற்றுள் 25 குடும்பங்களில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். சராசரிச் செலவு ரூ.80,000. மொத்தச் செலவு ரூ.20 லட்சம். இதை 1,000 குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால் குடும்பத்துக்கு ரூ.2,000 மட்டுமே. எண்பதாயிரம் என்னும் பேரிடி, இரண்டாயிரம் என்னும் தாங்கத்தக்க செலவாக மாறிவிடுகிறது.

இப்போது அவ்வூரின் இளமையும் உடல்நலமும் மிக்க 400 குடும்பங்கள், “எங்களுக்கு நோயே வருவதில்லை, நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?” என்று விலகிவிடுவதாகக் கொள்வோம். விலகியவர்களிடையே நோயுற்றோர் இருவர் மட்டுமே. எஞ்சிய 600 குடும்பங்கள் 23 பேரின் செலவான ரூ.18,40,000-ஐச் சுமக்க வேண்டும். குடும்பத்துக்கு ஏறத்தாழ ரூ.3,067. கட்டணம் உயர்ந்ததும் அடுத்த நிலையில் உள்ள நலமானவர்களும் விலகுவர். கட்டணம் மேலும் உயரும். இறுதியில் நோயாளிகள் மட்டுமே எஞ்சுவர். அவர்களால் கட்டணத்தைச் செலுத்த முடியாது. பொதுநிதி அங்கே குலைந்துவிடும்.

இக்கணக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, நலமாக இருக்கும்போதே சேர்வதுதான் காப்பீட்டின் உயிர்நாடி. இரண்டாவது, எல்லாரையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் முதியோரும் நோயுற்றோரும் ஏழைகளும் தாமாகவே வெளியே தள்ளப்படுவர். மருத்துவச் சந்தை பிற சந்தைகளைப் போன்றதன்று என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இலேயே ஆராய்ந்து எழுதினார். எந்தச் சிகிச்சை தேவை என்பதை நோயாளி அறியார். விலை பேசும் நிலையிலும் அவர் இல்லை. இதனால்தான் உலகின் பெரும்பாலான நாடுகளில் அரசு இத்துறையில் ஏதேனும் ஒரு வகையில் தலையிடுகிறது. தலையிட வேண்டுமா என்பது இன்று கேள்வியன்று. எந்த அளவுக்கு, எந்த இடத்தில் என்பதே கேள்வி.

அரசு கடந்து வந்த பாதை

விடுதலைக்கு முன்பே, ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்னும் நெறியை முன்வைத்தது. அரசியலமைப்பின் 47-ஆம் கூறு பொது உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. மத்திய அரசின் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறு பெயரிலும் வடிவிலும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

நாட்டின் முதல் பெரிய சமூகக் காப்பீட்டுத் திட்டம் இ.எஸ்.ஐ. 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின் அமைப்பு நாம் ஆராயும் கேள்விக்கு அழகான ஒரு விடையாகும். மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறும் தொழிலாளர் தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், வேலையளிப்பவர் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை, வரையறுக்கப்பட்ட உச்ச அளவுக்கு உட்பட்டு, மாநில அரசு ஏற்கிறது. மூவர் தோள் கொடுக்கும் பல்லக்கு அது. எவரும் தனியே சுமப்பதில்லை.

1954-இல் மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். வந்தது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் ‘மெடிகிளைம்’ பாலிசியை அறிமுகப்படுத்தியபோது நடுத்தரக் குடும்பங்களுக்கு முதன்முறையாக ஒரு வழி திறந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களும் ஏழைகளும் இவை எவற்றிலும் இடம்பெறவில்லை. 

1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து படுகாயமுற்ற தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் பல, இடமில்லை என்று திருப்பி அனுப்பின. இறுதியில் அவர் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில் சிகிச்சை பெற்றார். அவசரச் சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது, 21-ஆம் கூறு உறுதியளிக்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதிப் பற்றாக்குறை இக்கடமையிலிருந்து அரசை விடுவிக்காது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

2007-இல் ஆந்திரப் பிரதேசத்தின் ஆரோக்கியஸ்ரீ, 2008-இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.30,000 காப்பளித்த மத்திய அரசின் ராஷ்ட்ரீய ஸ்வஸ்த்ய பீமா யோஜனா, 2009-இல் தமிழ்நாட்டின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வரிசையாகத் திட்டங்கள் வந்தன. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்ய யோஜனா இவற்றின் தொடர்ச்சியே. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு. பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்னும் விகிதத்தில் பகிர்கின்றன. தமிழ்நாட்டில் இத்திட்டம் மாநிலத் திட்டத்துடன் இணைத்துச் செயற்படுத்தப்படுகிறது.

2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, இக்காப்பு விரிவாக்கப்பட்டுள்ளது. இதற்கென ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டை வழங்கப்படுகிறது. ஓய்வூதியம் பெறுவோரும், தனியார் காப்பீடு வைத்திருப்போரும்கூட இதைப் பெறலாம். ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பங்களின் முதியோருக்குத் தனியே மேலும் ரூ.5 லட்சம் உண்டு. நம் வாடிக்கையாளர்கள் பலரின் இல்லங்களில் இந்த அட்டைக்குத் தகுதியுடைய பெரியவர்கள் இருக்கின்றனர். “இது ஏழைகளுக்கான திட்டம், நமக்கு இல்லை” என்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம்.

எண்கள் கூறும் உண்மை

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே செலவழித்தனர். 2021-22-இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் அரசின் பங்கு 28.6 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காடாக உயர்ந்தது. இது சிறிய முன்னேற்றமன்று.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்தது. 2021-22-இல், பெருந்தொற்றுக் காலச் செலவுகளும் சேர்ந்திருந்த நிலையிலேயே, அது 1.84 விழுக்காடாகத்தான் இருந்தது.

மற்றொன்றும் உண்டு. அரசுத் திட்டமானாலும் தனியார் பாலிசியானாலும், பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும்போதுதான் பணம் தருகிறது. மாதந்தோறும் வாங்கும் நீரிழிவு மாத்திரை, இரத்தப் பரிசோதனை, மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றன. சிறு ஓட்டை வழியே தினமும் ஒழுகும் நீர் இது. ஒரே நாளில் வரும் வெள்ளத்தை மட்டும் காப்பீடு தடுக்கிறது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையங்களை வலுப்படுத்துவதும், மக்கள் மருந்தகங்கள் வழியே பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் அளிப்பதும் காப்பீட்டு அட்டைக்கு இணையான முதன்மை வாய்ந்தவை. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் திட்டம்; காப்பீட்டால் நிரப்ப முடியாத இடைவெளியை நேரடிச் சேவையால் நிரப்பலாம் என்பதற்கு அது சான்று.

இடையில் நிற்பவர்கள்

நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேர், எவ்வித மருத்துவக் காப்பும் இன்றி இருப்பதாகக் கூறியது. அரசின் இலவசத் திட்டத்தில் சேரும் அளவுக்கு ஏழைகளல்லர். தனியார் பிரீமியத்தை எளிதில் செலுத்தும் அளவுக்குச் செல்வர்களும் அல்லர். சிறு கடை நடத்துவோர், தனியார் நிறுவனங்களில் நடுத்தர ஊதியம் பெறுவோர், சொந்த வாகனம் ஓட்டுவோர், ஓரளவு நிலமுள்ள உழவர்கள் ஆகியோர் இவ்வகையினர். இவ்விதழைப் படிப்போரில் பலர் இந்த வரிசையில் நிற்கக்கூடும்.

அரசா, தனிமனிதரா என்னும் விவாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும் தோற்பவர்கள் இவர்களே. ஆகவே பொறுப்புகளைப் பிரித்துத் தெளிவாக வரையறுத்துக்கொள்வது இவர்களுக்கே மிகத் தேவை.

அரசுக்குரியவை

தனி ஒருவர் எவ்வளவு முயன்றாலும் செய்ய இயலாதவற்றைச் செய்வதே அரசின் பொறுப்பு என்பது என் கருத்து. தூய குடிநீர், தடுப்பூசி, கொள்ளைநோய்க் கட்டுப்பாடு ஆகியவற்றை எவரும் தமக்கென்று தனியே வாங்கிக்கொள்ள இயலாது. பிறவியிலேயே குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைக்கும், பிரீமியம் செலுத்த வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் சந்தை இடம் தராது; அரசே தர வேண்டும். விபத்து, மாரடைப்பு போன்ற அவசர நிலைகளில் பணத்தைப் பற்றிய கேள்வி பிறகே எழ வேண்டும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றோர் ஏழு நாள்கள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இறுதியாக, மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் நேர்மையாக நடக்கின்றனவா என்று கண்காணிப்பதும் அரசின் பணியே.

இக்கண்காணிப்பில் அண்மைக் காலத்தில் பயனுள்ள மாற்றங்கள் வந்துள்ளன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுள்ளது.

நமக்குரியவை

தனிமனிதப் பொறுப்பு என்றவுடன், நோயுற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. புகை பிடித்தார், அதனால் வந்தது. உணவில் கட்டுப்பாடு இல்லை, அதனால் வந்தது என்று எளிதில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். புகையிலையைத் தொட்டறியாதவர்களுக்கும் புற்றுநோய் வருகிறது. நோய் வராமல் தடுக்கும் முயற்சி நம் கையில் உள்ளது. நோய் வராது என்னும் உறுதி எவர் கையிலும் இல்லை. ஆகவே பொறுப்பு என்பதை நோய்க்கான பழியாகக் கொள்ளாமல், நம் கையில் உள்ளவற்றைத் தவறாமல் செய்தல் எனக் கொள்வதே முறை. அவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, உரிய காலத்தில் சேர்தல். முன்னர்க் கண்ட ஊர்க் கணக்கில் விலகிய 400 குடும்பங்களும் என்றோ ஒருநாள் முதுமை அடையும். இளமையில் சேர்பவர் காத்திருப்புக் காலத்தை நோயின்றியே கடந்துவிடுகிறார். நோய் வந்தபின் சேர முயல்பவரோ, வெள்ளம் வந்தபின் அணை போடுபவரைப் போன்றவர்.

இரண்டாவது, உண்மையைக் கூறுதல். காப்பீட்டு ஒப்பந்தம் மிக உயர்ந்த நம்பிக்கையின் அடிப்படையில் அமைவது என்று வணிகவியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிப்பர். விண்ணப்பத்தில் நீரிழிவு உண்டா என்னும் கேள்விக்கு, பிரீமியம் கூடும் என்று அஞ்சி ‘இல்லை’ என எழுதுவது, கட்டும் வீட்டின் அடித்தளத்தில் ஒரு செங்கல்லை உருவிவிடுவதற்கு ஒப்பாகும். முகவர் நிரப்பித் தரும் படிவத்தில் வெறுமனே கையொப்பமிட வேண்டாம். ஒவ்வொரு விடையையும் நீங்களே படித்துப் பாருங்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து காப்பில் இருந்தபின், மோசடி தவிர வேறு காரணம் காட்டி, அதாவது தகவலைத் தெரிவிக்கவில்லை என்று கூறி, கோரிக்கையை மறுக்க இயலாது. ஆனால் முதல் ஐந்தாண்டுகளில் மறைத்த ஓர் உண்மை, செலுத்திய பிரீமியம் அனைத்தையும் வீணாக்கிவிடலாம்.

மூன்றாவது, தொடர்ந்து புதுப்பித்தல். உரிய நாளில் பிரீமியம் செலுத்தாவிட்டால் அருட்காலம் மட்டுமே மிஞ்சும். அதுவும் கடந்தால் கடந்துவந்த காத்திருப்புக் காலங்கள் வீணாகும். நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லையெனில் பாலிசியைக் கைவிட வேண்டாம். அதுவரை பெற்ற காத்திருப்புக் காலப் பயனுடன் வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி 2011 முதல் உள்ளது.

நான்காவது, சிறு செலவுகளுக்கு நாமே ஆயத்தமாக இருத்தல். புறநோயாளிச் செலவு, மருந்துச் செலவு ஆகியவற்றுக்கென ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கு போதும். பெரிய இடருக்குக் காப்பீடு, சிறிய செலவுக்குச் சேமிப்பு என்னும் பாகுபாட்டை மறவாதிருந்தால் இரண்டிலும் பணம் வீணாகாது.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

பாலிசி கைக்கு வந்தபின் அதைத் திருப்பித் தர 30 நாள்கள் அவகாசம் உண்டு. அந்த நாள்களில் படிக்க வேண்டிய பகுதிகள் மூன்று.

ஒன்று, காத்திருப்புக் காலங்கள். விபத்து தவிர ஏனையவற்றுக்குப் பொதுவாக முதல் 30 நாள்கள் காப்பில்லை. கண்புரை, குடலிறக்கம் போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குத் தனிக் காத்திருப்புக் காலம் உண்டு.

இரண்டு, அறை வாடகை வரம்பு. பலரும் ஏமாறும் இடம் இதுவே. காப்புத் தொகை ரூ.3 லட்சம், அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 1 விழுக்காடு, அதாவது ரூ.3,000 என்று கொள்வோம். நோயாளி ரூ.6,000 வாடகையுள்ள அறையில் ஐந்து நாள்கள் தங்குகிறார். அறை வாடகை ரூ.30,000, அறுவைச் சிகிச்சை நிபுணர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவை ரூ.1,20,000, மருந்தும் பரிசோதனைகளும் ரூ.80,000. மொத்தம் ரூ.2,30,000. அறை வாடகையில் கூடுதலான ரூ.15,000 மட்டும் நம் பொறுப்பு என்றே எவரும் எண்ணுவர். ஆனால் வரம்பைப் போல் இருமடங்கு வாடகையுள்ள அறையைத் தேர்ந்ததால், அதனுடன் தொடர்புடைய மருத்துவக் கட்டணங்களும் பாதியாகக் கணக்கிடப்படலாம். அப்போது வாடகைக்கு ரூ.15,000, கட்டணங்களுக்கு ரூ.60,000, விகிதக் குறைப்புக்கு உட்படாத மருந்துக்கும் பரிசோதனைக்கும் ரூ.80,000 என ரூ.1,55,000 மட்டுமே கிடைக்கும். நோயாளியின் பங்கு ரூ.15,000 அன்று, ரூ.75,000. சேர்க்கைப் படிவத்தில் அறையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு நிமிடம், அறுபதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள நிமிடம்.

மூன்று, காப்புத் தொகையின் போதுமை. அடிப்படைக் காப்பை உயர்த்துவதற்குப் பிரீமியம் மிகுதியாகத் தோன்றினால், ‘சூப்பர் டாப்-அப்’ வகையை எண்ணிப் பார்க்கலாம். ரூ.5 லட்சம் அடிப்படைக் காப்பும், அதற்கு மேற்பட்ட செலவுக்கு ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசியும் உள்ள ஒருவருக்கு, ஓராண்டில் இருமுறை தலா ரூ.4 லட்சம் செலவாகிறது எனில், மொத்தச் செலவு ரூ.8 லட்சம். அடிப்படைக் காப்பு ரூ.5 லட்சத்தையும், சூப்பர் டாப்-அப் எஞ்சிய ரூ.3 லட்சத்தையும் ஏற்கும். வெறும் ‘டாப்-அப்’ எனில், ஒவ்வொரு முறையும் செலவு ரூ.5 லட்சத்தைத் தாண்டாததால் எதுவும் கிடைக்காது. ஒரு சொல்லில் மூன்று லட்சம் ரூபாய் வேறுபாடு.

கோரிக்கை தவறாக மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், அங்குத் தீர்வு கிடைக்காவிடில் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மறுப்பை மௌனமாக ஏற்றுக்கொள்வது பொறுமையாகாது. உரிமையைக் கேட்பதும் பொறுப்பின் ஒரு பகுதியே.

வங்கிக் கணக்கும் காப்பீடும்: மூன்று விளக்கங்கள்

உங்கள் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் ரூ.20 பிடித்தம் செய்யப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா மருத்துவக் காப்பீடு அன்று. விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர முழு ஊனம் நேர்ந்தால் ரூ.2 லட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ரூ.1 லட்சமும் வழங்கும் விபத்துக் காப்பீடு அது. மருத்துவமனைக் கட்டணத்துக்கு அது பொருந்தாது. அதேபோல் ரூ.436 பிடித்தம் செய்யப்படும் ஜீவன் ஜோதி பீமா யோஜனா ஆயுள் காப்பீடு. இவை மிகப் பயனுள்ளவை. ஆயினும் இவற்றை நம்பி மருத்துவக் காப்பீடு எடுக்காமல் இருப்பது தவறான கணக்கு. பிடித்தம் செய்யப்படும் மே மாத இறுதியில் கணக்கில் இருப்புத் தொகை இல்லாவிடில் இக்காப்புகள் நின்றுவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

அடுத்து, கடன் பெறுவதற்கு மருத்துவ பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்தக் கிளையும் நிபந்தனை விதிக்க இயலாது. வங்கிகள் காப்பீட்டு நிறுவனங்களின் முகவராகப் பாலிசிகளை வழங்குகின்றன; அவற்றை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். பிறவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்து, தேவைக்கேற்றதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

மூன்றாவது, வேலையளிப்பவர் தரும் குழுக் காப்பீடு வேலையுடன் முடிந்துவிடும். ஓய்வுபெறும் நாளில், அதாவது காப்பு மிகத் தேவைப்படும் வயதில், அது நம்மை விட்டுப் பிரிகிறது. பணியில் இருக்கும்போதே தனியே ஒரு சிறு பாலிசியைத் தொடங்கி வைத்திருப்பது அறிவுடைமை. பழைய வரிவிதிப்பு முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு, தம் குடும்பத்துக்கான பிரீமியத்தில் ரூ.25,000 வரையும், மூத்த குடிமக்களான பெற்றோருக்கு ரூ.50,000 வரையும் வரிக்கழிவு உண்டு. பிரீமியத்தை ரொக்கமாகச் செலுத்தினால் இக்கழிவு கிடைக்காது.

இல்லத்தில் விடை காண வேண்டிய ஏழு வினாக்கள்

படித்த பாடம் மனத்தில் நிற்பதற்கு வினாக்களே உதவும். இவ்வார இறுதியில் குடும்பத்தாருடன் அமர்ந்து, ஒரு தாளில் விடைகளை எழுதிப் பாருங்கள்.

1. நம் குடும்பத்தில் அரசுத் திட்டம் எதற்கேனும் தகுதியுடையவர் எவர்? 70 வயது நிறைந்தவர்களுக்கு அட்டை பெற்றுவிட்டோமா?

2. நம் பாலிசி யார் யாரைக் காக்கிறது? விடுபட்டவர் எவர்?

3. காத்திருப்புக் காலம் எந்த நாளில் முடிகிறது?

4. அறை வாடகை வரம்பு எவ்வளவு? அருகிலுள்ள மருத்துவமனைகளுள் ரொக்கமில்லாச் சிகிச்சை வசதி எங்கு உண்டு?

5. விண்ணப்பத்தில் நம் நோய்கள் உண்மையாகக் குறிப்பிடப்பட்டுள்ளனவா?

6. இன்று இரவே மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், வைப்புத்தொகையை முறிக்காமல் எவ்வளவு பணம் திரட்ட முடியும்?

7. பாலிசி ஆவணங்கள், அட்டைகள் இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

ஏழாவது வினா எளிதாகத் தோன்றும். ஆனால் காப்பீடு எடுத்தவரே நோயில் விழும்போது, ஆவணம் எந்தப் பெட்டியில் உள்ளது என்று தெரியாமல் குடும்பம் தவிப்பதை நாங்கள் கிளையில் அடிக்கடி காண்கிறோம்.

அரசு மருத்துவச் செலவின் முழுச் சுமையையும் ஏற்கும் நாள் வரக்கூடும். அதற்காகக் குரல் கொடுப்பது குடிமக்களின் உரிமை. அரசு தன் இலக்கை எட்டியதா என்று கேட்பதும் நம் கடமையே. ஆயினும் அந்நாள் வரும்வரை நோய் காத்திராது. தகுதியுள்ள திட்டத்தில் பெயரைப் பதிவு செய்வது, உண்மையை எழுதிக் கையொப்பமிடுவது, உரிய நாளில் பிரீமியத்தைச் செலுத்துவது, மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பது ஆகிய நான்கையும் எந்த அரசும் நமக்காகச் செய்துதர இயலாது. இவற்றை நாமே செய்துவிட்டால், மருத்துவமனைச் சேர்க்கைப் பிரிவின் கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும். நோயாளியின் அருகில் அமர்ந்து ஆறுதல் கூற உறவினருக்கு நேரமும் கிடைக்கும்.